பறக்க ஒரு லெவல் குறைவு

பூனாவில், ஔந்த் பக்கம் நாங்கள் குடியிருந்தபோது, ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டுக் கூடத்தில் பகடை உருளும். தாயக்கட்டை இல்லை. எட்டு முகம், இருபது முகம் என்று அமெரிக்காவிலிருந்து யாரோ வாங்கி வந்த பகடைகள். என் கணவர், அவருடைய ஆபீஸ் நண்பர்கள் மூன்று பேர், நான். ஒருவர் கதையை நடத்துவார்: இங்கே கோட்டை, அங்கே குகை, உள்ளே பூதம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு போக வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்கள் அவை. முப்பது வயதுக்காரர்கள் தரையில் உட்கார்ந்து பூதத்தை வெட்டுவதைப் பார்க்க எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. நாலாவது வாரம் நானும் ஆடிக்கொண்டிருந்தேன்.

நான் மந்திரவாதி. காரணம் ஒன்றே ஒன்று. மந்திரவாதி ஐந்தாவது லெவலுக்கு வந்தால் பறக்கலாம். பூனாவில் கல்லூரிப் பெண்ணிலிருந்து பேரன் எடுத்த அம்மா வரைக்கும் முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டு வண்டியில் பறப்பார்கள். எனக்கு வண்டி ஓட்ட வராது. இரண்டு முறை கற்றுக்கொள்ளப் போய் இரண்டு முறையும் கேட்டில் மோதினேன். கணவரின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் ஊரைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்தக் கற்பனைக் கோட்டைகளுக்கு மேலே, யாருடைய முதுகும் மறைக்காமல், ஒரு தடவை பறந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சின்னப் பிள்ளை ஆசைதான். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு சாகசம் முடிந்தால் ஒரு லெவல் ஏறும். அதை நம் தொழிலிலேயே போட்டுக்கொள்ளலாம். இல்லையென்றால் வேறொரு தொழிலைத் தொடங்கலாம். இப்படிக் கலந்துகட்டி வைப்பதற்கு மல்டிகிளாஸ் என்று பெயர். என் கணவரின் ஆள் முதலிலிருந்து கடைசி வரை போர்வீரன். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் திருடன். விளக்கு ஏற்றச் சொன்னால்கூட, "அது என்ற வேலை இல்லீங்" என்பார். இன்னொரு நண்பர்தான் காயம் ஆற்றும் பூசாரி. அவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனார். எனக்கு வினை அங்கே ஆரம்பித்தது.

"ஏனுங்க்கா, நீங்க ஒரு லெவல் பூசாரி எடுத்துக்கிட்டா என்னங்?" என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

"எனக்கா?" என்றேன்.

கதை நடத்தியவர் பூனாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். தமிழில் ஆரம்பித்து இந்தியில் முடிப்பார். "அரே, ஒரு லெவல்தானே. பரவாயில்ல, சலேகா," என்றார்.

எடுத்துக்கொண்டேன். அடுத்து, கோயம்புத்தூர்க்காரர் ஒரு பிராஜெக்டில் மாட்டிக்கொண்டு சில மாதம் வரவில்லை. பூட்டு திறக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஒரு லெவல் திருட்டும் கற்றுக்கொண்டேன். அவர் திரும்பி வந்த பிறகு என் திருட்டுக்கு வேலையே இல்லை. என் கணவர் கிண்டல் செய்வார்: "நாங்க எல்லாம் தனித்தனிக் கறி. நீ அவியல்." எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சுருக்கென்று இருக்கும். ஒரே தொழிலில் நிற்பது பெரிய உறுதி மாதிரி பேசுவார்கள். பக்கத்தில் மீதியை எல்லாம் பொறுக்கிக்கொள்ள ஒருத்தி இருந்தால் யார்தான் உறுதியாக நிற்க மாட்டார்கள்? இதையும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. பஜ்ஜித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் பகடையைக் கையில் எடுத்துக்கொள்வேன்.

எப்படியோ தட்டுத் தடுமாறி மந்திரவாதியில் நாலாவது லெவலுக்கு வந்து சேர்ந்தேன். இன்னும் ஒன்றுதான். ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை, பெரிய சண்டை ஒன்று முடிந்தது. போர்வீரன் சாகக் கிடந்து பிழைத்தான். எல்லோருக்கும் லெவல் ஏறியது. பூனாக்காரர் என்னைப் பார்த்து, "இந்த தடவை உங்க இஷ்டம். எது வேணுமோ எடுங்க," என்றார்.

இதை எடு, அதை எடு என்று யாரும் கேட்கவில்லை. கணவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். கோயம்புத்தூர்க்காரர் தன் திருடனுக்குப் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பறக்கிறேன் என்று சொல்ல எனக்கு என்ன தடை? ஒன்றுமில்லை.

"பூசாரியே எடுத்துக்கறேன்," என்றேன். "இவருக்கு அடிபட்டா பாக்க ஆள் வேணுமே. அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"நெஜமாவா?" என்றார் பூனாக்காரர்.

"ஆமாம்," என்றேன்.

அடுத்த தடவை வரவில்லை. கோயம்புத்தூர்க்காரருக்கு விசா வந்தது. பிறகு பூனாக்காரரும் ஐதராபாத்தில் வேலை கிடைத்துக் கிளம்பினார். அவர் போவதற்கு முன்னால் நாங்கள் மூன்று பேரும் ஒரு சனிக்கிழமை கடக்வாஸ்லா அணைக்குப் போனோம். சுட்ட சோளத்தில் எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்துத் தந்தார்கள். தண்ணீரைப் பார்த்தபடி சாப்பிட்டோம். பேச்சு தானாக ஆட்டத்துக்குப் போனது.

"அடுத்த கதை ரெடியா வச்சிருந்தேன்," என்றார் அவர். "நடுவுல பெரிய பள்ளத்தாக்கு. எல்லா பாலத்தையும் உடைச்சு வச்சேன். அந்தப் பக்கம் ஒருத்தராலதான் போக முடியும்." சோளத்தால் என்னைக் காட்டினார். "பூரா கதையும் உங்களுக்காகத்தான் பண்ணேன். பறக்கறது எடுப்பீங்கன்னு பக்கா நினைச்சேன்."

"அப்புறம்?" என்றார் என் கணவர்.

"அப்புறம் க்யா? இவங்க பூசாரி எடுத்தாங்க. நான் வீட்டுக்குப் போய் பாலத்தைத் திரும்பக் கட்டிட்டேன்."

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சோளத்து மிளகாய்ப்பொடி காரம் என்று சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

திரும்பும்போது வழக்கம்போல வண்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். சிங்ககட் ரோடு முழுக்க எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டார்களா, கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா என்று மனசுக்குள் மூன்று பேரையும் திட்டிக்கொண்டே வந்தேன். பாதி வழியில் அதுவும் நின்றுபோனது. கேட்டிருந்தார். எல்லார் முன்னாலும், என் முகத்தைப் பார்த்து, பூனாக்காரர் இரண்டு தடவை கேட்டிருந்தார்.