புடவை எடுக்காத எதிர்வீட்டு அக்கா

என் சந்தேகப் புத்தி எங்கள் வீட்டில் பிரசித்தம். மீன்காரர் சூரை மீனைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டும் வாங்க மாட்டேன். யாராவது காரணமில்லாமல் சிரித்தால், இவளுக்கு நம்மிடம் என்ன வேண்டும் என்றுதான் முதலில் தோன்றும். நிக்கோபாரில் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்து லைன் வீட்டில் வளர்ந்தவள் நான். ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். இருமினால்கூட அடுத்த வீட்டில் காரணம் கேட்பார்கள். அப்படி வளர்ந்தால் புத்தி இப்படித்தான் ஆகும் என்று சொல்லிக்கொள்வேன். என் கணவர் ஒத்துக்கொள்ள மாட்டார். "ஒன் தங்கச்சியும் அங்கதான வளந்தா?" என்பார்.

இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு நான் துணி வியாபாரம் ஆரம்பித்தேன். அதுவும் அந்தமானின் மாயாபந்தரில், அதுவும் அரசாங்கக் குவார்ட்டர்ஸில்.

குவார்ட்டர்ஸில் வியாபாரம் செய்யக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் செய்துகொண்டும் இருந்தார்கள். ஒரு வீட்டில் ஊறுகாய், ஒரு வீட்டில் நாட்டுக்கோழி முட்டை, ஒரு வீட்டில் ஜாக்கெட் தையல். ஆனால் முட்டை விற்பதைப் பார்த்து யாருக்கும் வயிறு எரியாது. புடவை அப்படியில்லை. என் கணவருக்குப் படகுகள் வந்து நிற்கும் ஜெட்டியில் வேலை. யாராவது புகார் செய்து குவார்ட்டர்ஸைப் பிடுங்கிவிட்டால், வெளியில் ஒரு நல்ல வீடு கிடைப்பது குதிரைக் கொம்பு. அவர் பயந்தார். நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்கென்று ஒரு வேலை வேண்டும் என்று நான் கேட்டது அது ஒன்றுதான்.

லீவில் மெயின்லேண்ட் போனபோது சௌகார்பேட்டையில் சுற்றி அலைந்து, என் சீட்டுப் பணத்தில் புடவை, குர்த்தி, நைட்டி என்று ஒரு கட்டு வாங்கிக் கப்பலில் போட்டுவிட்டு வந்தேன். அது போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து போட்டில் எங்கள் ஜெட்டிக்கு வந்தது. அதை இறக்கும்போது என் கணவர் அங்கேதான் டியூட்டியில் நின்றார். யாருடைய மூட்டையோ என்பது போல முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாராம். மூட்டையின் மேல் அவர் பெயர்தான் பெரிதாக எழுதியிருந்தது.

கட்டு வீட்டுக்கு வந்து நான் சணலை வெட்டுவதற்குள் எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்றார். ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவர் கணவர் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தார்.

"என்னத்தா, மால் வந்துருச்சு போல?"

உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு புடவையையும் பிரித்து, முந்தியைப் பார்த்து, கரையைத் தடவி, பழைய மடிப்பு மாறாமல் மடித்து வைத்தார். டீ குடித்தார். எதையும் எடுக்கவில்லை. கிளம்பும்போது, "அந்த அரக்கு ஆருக்குப் போகுதுன்னு எனக்குச் சொல்லுத்தா" என்றார். எதற்கு இவருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தலையாட்டி வைத்தேன்.

அதன்பின் தினமும் வந்தார். எது போயிருக்கிறது, யார் எடுத்தார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டார், ரொக்கமா கடனா என்று மட்டும் கேட்கவில்லை. கடனைப் பற்றிக் கேட்டிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். யார், எந்த நிறம், எந்தக் கரை என்று கேட்பவரை என்னவென்று நினைப்பது? பஜாரில் ஒரு துணிக்கடைக்காரர் அவருக்கு ஏதோ உறவு என்று கேள்விப்பட்டதும் எனக்கு மூக்கில் வேர்த்தது. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். என் வீட்டிலிருந்து இறங்கினால் நேரே எதிரே அவர் வீடு. அங்கே போகவில்லை. முனை வீட்டுக்குப் போனார். அங்கிருந்து தண்ணீர் டேங்க் பக்கத்து வீடு. அப்புறம் ஆஸ்பத்திரி லைன். மறுநாளும் அப்படியே.

ஒரு நாள் சாயங்காலம் என் கணவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"யாரோ ஆபீஸ்ல போட்டுக் குடுத்துட்டாங்க. படா பாபு கூப்ட்டுக் கேக்குறாரு, ஒங்க வீட்டுல கப்டா மார்க்கெட் நடக்குதாமேன்னு."

"யாரு சொன்னதாம்?"

"அதச் சொல்லுவாங்களா? இந்த வாட்டி வார்னிங்தானாம். அடுத்த வாட்டி ஏ.ஈ. சார்கிட்ட போயிடுமாம்."

கப்டா என்றால் துணி. படா பாபு என்பது தலைமை குமாஸ்தா. ஏ.ஈ. சார் என்பது உதவிப் பொறியாளர். குவார்ட்டர்ஸ் கொடுப்பதும் பிடுங்குவதும் அவர் கையில். யார் சொன்னது என்று யோசிக்க எனக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு அக்கா கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டு, அங்கிருந்தே எனக்குக் கையசைத்தார்.

வியாபாரத்தை அன்றே மூடியிருக்கலாம். ஆனால் இரண்டாவது கட்டு அப்போது நடுக்கடலில் வந்துகொண்டிருந்தது. பங்குனி உத்திரம் நெருங்கிவிட்டதால் நல்ல சாஃப்ட் சில்க்காகச் சொல்லி அனுப்பியிருந்தேன். மயில்கழுத்து நிறத்தில் செங்கல் கரை வைத்தது முதல் கட்டில் ஒன்றுதான் வந்து, அதை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கிப் போய்விட, மற்றவர்கள் ஏங்கிப் போனார்கள். அதனால் அதே நிறத்தில் கொஞ்சம் அதிகமாகப் போடச் சொல்லியிருந்தேன். இந்த முறை எல்லாம் காதும் காதும் வைத்த மாதிரி நடக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். ஜெட்டிக்கே வராமல், போர்ட் பிளேரிலிருந்து பஸ்ஸில் போட ஏற்பாடு செய்தேன். அரிசிச் சாக்கில் கட்டச் சொன்னேன்.

சாக்கு வந்தது. மேலே பெரிய எழுத்தில் பொன்னி என்று இருந்தது. ஆட்டோக்காரர் அதை ஒற்றைக் கையால் தூக்கி, விரல் நுனியில் ஆட்டிக்கொண்டே வந்து வாசலில் வைத்தார். எதிரே அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"அரிசியாத்தா?"

"ஆமாக்கா."

"மால் இன்னும் வரலையா?"

"எங்கக்கா, இந்த வாரம் கப்பலே வரலையே. கேன்சல்."

சொன்ன பிறகுதான் என் மடத்தனம் எனக்கே உறைத்தது. இந்தத் தீவுகளில் எதைப் பற்றி வேண்டுமானாலும் பொய் சொல்லலாம். கப்பலைப் பற்றிச் சொல்ல முடியாது. கப்பல் எப்போது கிளம்பியது, எங்கே நிற்கிறது, யார் யாருக்கு டிக்கெட் கிடைத்தது என்பது குழந்தைக்கும் தெரியும். கப்பல் வந்த மறுநாள் கோஸும் காரட்டும் விலை இறங்கியிருக்கும். அக்கா என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். "அப்பிடியா" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை உரித்தார். அந்த "அப்பிடியா"தான் என்னை ராத்திரி தூங்கவிடவில்லை.

வாசல் கதவைச் சாத்திவிட்டுப் பின்வாசல் வழியாக விற்றேன். ஆள் அனுப்பி ஒவ்வொருவராக வரச் சொன்னேன். வந்தார்கள், பார்த்தார்கள், எடுத்துக்கொண்டு போனார்கள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. மயில்கழுத்து முதலில் தீர்ந்தது. ஏ.ஈ. சாரின் மனைவி, ஏ.ஈ. மேடமே ஆள் அனுப்பி ஒன்று வாங்கிக்கொண்டார். அவரே வாங்கினால் புகார் எங்கே போகும் என்று எனக்கு ஒரு தைரியம் வந்தது. வியாபாரம் இவ்வளவு சுலபமா என்றும் இருந்தது. அக்காவை முதலிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பங்குனி உத்திரத்தன்று கோயிலில் அன்னதானம். இந்தப் பக்கத்துத் தமிழர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். பெங்காலிகளும் தெலுங்குக்காரர்களும்கூடச் சாப்பிட வந்திருந்தார்கள். நான் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ஏ.ஈ. மேடம் மயில்கழுத்துப் புடவையில் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஆஸ்பத்திரி நர்ஸ் அப்பளம் வைத்துக்கொண்டு வந்தார். அவரும் மயில்கழுத்து. தண்ணீர் ஊற்ற வந்த காண்ட்ராக்டர் வீட்டம்மாவும் மயில்கழுத்து. ஒரே நிறம், ஒரே செங்கல் கரை, ஒரே முந்தி. யூனிஃபார்ம் போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மூன்று பேரும் ஒரே வரிசையில் வந்தார்கள். பந்தியில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

சென்னையில் இது நடந்திருந்தால் மூன்று பேரும் சேர்ந்து ஒரு செல்ஃபி எடுத்திருப்பார்கள். இங்கே கதை வேறு. கோயிலில் பார்க்கிற முகத்தைத்தான் ஜெட்டியிலும் பார்க்க வேண்டும், ரேஷன் கடையிலும் பார்க்க வேண்டும், எல்லாக் கல்யாணத்திலும் பார்க்க வேண்டும். ஒரே புடவை இரண்டு பேரிடம் இருந்தால், அதற்குப் பிறகு யார் உடுத்தினாலும், இது அவளுடையது இல்லையா என்றுதான் ஊர் கேட்கும். அந்தப் புடவைக்கு ஆயுசு முடிந்தது. இது எனக்குத் தெரியாததில்லை. தெரிந்துதான், அவரவர் கேட்டு எடுத்துக்கொள்வார்கள் என்று இருந்தேன். ஏன் ஒருத்தரும் கேட்கவில்லை என்பது மட்டும் புரியவில்லை.

மேடம் அன்று சாயங்காலமே வந்தார். கையில் ஒரு பையில் அந்தப் புடவை. என் கணவர் எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்து, மறுபடியும் துடைத்தார்.

"என்னங்க இது? இத்தனை பேர் முன்னால என்ன கோமாளியாக்கிட்டீங்களே."

"மேடம், நீங்க ஒண்ணும் கேக்கலையே..."

"உங்ககிட்ட எதுக்குக் கேக்கணும்? எதிர்வீட்டக்காதான் எப்பவும் முன்னாடியே சொல்லிடுவாங்களே, இது இன்னார்கிட்ட போயிருக்கு, நீங்க எடுக்காதீங்கன்னு. அவங்க ஒண்ணும் சொல்லலை, அதனால வேற யார்கிட்டயும் இல்லன்னு எடுத்தோம். இப்பப் போய்க் கேட்டா, மால் வந்ததே தெரியாதுங்கறாங்க." பையை மேசையில் வைத்தார். "குவார்ட்டர்ஸ்ல யாவாரம் பண்ணக் கூடாதுன்னு தெரியுமில்ல?"

முனை வீடு, டேங்க் வீடு, ஆஸ்பத்திரி லைன் எல்லாம் கண் முன்னால் வந்து போயின. அக்கா போய்ச் சொன்னார் என்பது நிஜம். நான் நினைத்த மாதிரியேதான் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார். அப்படிச் சொன்னதால்தான் என் முதல் கட்டு ஒரு சண்டையும் இல்லாமல் விற்றுப்போயிருக்கிறது.

அப்போது அக்கா உள்ளே வந்தார். யாரும் கூப்பிடவில்லை. மேடம் எங்கள் வாசலில் ஏறியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்க வேண்டும்.

"மேடம், நீங்க இங்கதான் இருக்கீகளா? ஒங்க ஐடியாவத்தான் கோயில்ல எல்லாரும் பேசிக்கிறாக."

"என்ன ஐடியா?"

"அன்னதானத்துக்கு செட் சேலை. நம்ம மேடம்தான் முதல்ல மூணு பேருக்கு எடுத்துப் பாத்துருக்காக, அடுத்த வருசம் பரிமாறுறவுக எல்லாருக்கும் ஒரே மாதிரின்னு நான் பந்திலயே சொல்லிட்டேன். டெலிஃபோன் ஆபீஸ்காரம்மா இப்பவே தனக்கு ஒண்ணு வேணும்ங்குது."

மேடம் பையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மூணு பேர்னா செட்டாத் தெரியாது. ஏழெட்டுப் பேராவது வேணும்" என்றார். என் கணவர் அப்போதுதான் மூச்சு விட்டார். கிளம்பும்போது மேடம், "கேட்டுக்கு வெளியில ஒரு ரூம் பாத்துக்கோங்க. இங்க வேண்டாம். சார் காதுக்கு வந்தா அவரால சும்மா இருக்க முடியாது" என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை.

அவர் போனதும் அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, புகார் செய்தது யார் என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு அதிகமாக இருந்தது. ஆனால் முதலில் வேறொன்றைக் கேட்டேன்.

"ஏங்க்கா, இவ்வளவு பாக்குறீங்க, ஒண்ணு கூட எடுக்க மாட்டேங்கிறீங்களே?"

"நான் ஒண்ணு எடுத்தேன்னு வச்சுக்க. நல்லத தனக்கு ஒதுக்கிட்டு மிச்சத்த நம்ம தலைல கட்டுறான்னு சொல்லுவாளுக. அப்பறம் நான் சொல்றத எவ நம்புவா?" சிரித்தார். "ஒன்ன மாதிரி சந்தேகப் பிராணிகதான் இந்த ஊரு பூராவும்."

நான் மேசையைத் துடைக்கப் போனேன், அக்கா விடவில்லை.

"கப்பல் கேன்சல்னியே. அந்தக் கப்பல்லதான்த்தா என் தம்பி வந்து எறங்குனான். ஒன் அரிசி மூட்டைக்குப் பக்கத்துலதான் பஸ்ஸுல ஒக்காந்து வந்தான்."

"பின்ன ஏங்க்கா அன்னைக்கே கேக்கல?"

"நீ கதவச் சாத்துனா நான் வந்து இடிக்கவா முடியும்?" என்றார். அதில் கோபம் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கண்டுகொள்ளாமல் டீ கேட்டார்.

கேட்டுக்கு வெளியே, பஜாருக்கு இறங்குகிற வழியில் தகரக் கூரை போட்ட ஒரு அறை கிடைத்தது. ஒரு அலமாரி, ஒரு கண்ணாடி, தரையில் ஒரு ஜமுக்காளம். மழைக்காலத்தில் துணியில் பூஞ்சை வராமல் காப்பதே பாதி வேலை. முதல் நாள் அக்காதான் விளக்கேற்றினார். இன்றும் கட்டு பிரிக்கும்போது அவர் வராமல் சணலை வெட்டுவதில்லை.

விளக்கேற்றிய அன்றுதான் கேட்டேன். "அக்கா, ஆபீஸ்ல போட்டுக் குடுத்தது யாரா இருக்கும்?"

"நான்னு நெனச்ச, இல்ல?"

நான் விளக்குத் திரியைத் தூண்டிவிட்டேன்.

"தெரியணுமா? சாயங்காலத்துக்குள்ள கண்டுபிடிச்சுச் சொல்றேன்."

அவரால் முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாயைத் திறந்தேன். அதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரி லைன் பெண்கள் சிரித்துக்கொண்டே ஏறி வந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவளாக இருக்குமோ, அவளாக இருக்குமோ. அக்காவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாங்க்கா" என்று காதோடு சொன்னேன். "தெரிஞ்சா அவளுக்கு மட்டும் விக்க மாட்டேன்."

பிறகு ஜமுக்காளத்தில் புதுக் கட்டைப் பிரித்துப் போட்டேன்.

"வாங்க, வாங்க. எது வேணும்னாலும் எடுத்துப் பாருங்க."