பெரியவருக்கு ஒரு தரை

என் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுபவர். முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டில் மண்டியிட்டு முழங்கால் இரண்டும் போய்விட்டன. வேலை முடிந்து வந்தால் ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட எழுந்திருக்க மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரு ஓணானுக்காகப் பத்து நாள் படாத பாடு பட்டார்.

ஓணான் என்றால் மகளுக்குக் கோபம் வரும். அது பியர்டட் டிராகன், பாலைவனத்துப் பிராணி. கழுத்தில் முள்முள்ளாகத் தாடி இருப்பதால் நான் வைத்த பெயர் பெரியவர். வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் கண்ணாடிப் பெட்டியோடு அதை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீடியோவில் வருவாள். "பெரியவரைக் காட்டும்மா" என்பாள். அதோடு பத்து நிமிஷம், எங்களோடு இரண்டு நிமிஷம். பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் அது இல்லாவிட்டால் இந்த இரண்டு நிமிஷமும் கிடைக்காதோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

பெட்டிக்குள் அவள் விரித்திருந்தது பழைய செய்தித்தாள். இவருக்கு அது பொறுக்கவில்லை.

"தரை போடறவன் வீட்டுல பேப்பரா? பாலைவனத்துல பொறந்தது மணல் கேக்காதா?"

மணல் கொண்டுவந்து நாலு தடவை சலித்தார். பூச்சு வேலைக்குச் சலிக்கும் கை அது, மாவாகும்வரை விடாது. கல் குத்தக்கூடாதாம். கழுவிக் காயவைத்து, பெட்டியில் கொட்டி, மட்டக்கோல் வைத்துச் சமன்செய்துவிட்டுத்தான் எழுந்தார். நான்கூட மெச்சினேன். கீரையையும் புழுவையும் அந்த மணல் மேலேயே போட்டோம்.

ஒரு மாதத்தில் பெரியவர் சாப்பாட்டை நிறுத்தினார். வெளிக்குப் போகவில்லை. பிறகு பின்னங்காலை இழுக்க ஆரம்பித்ததும் துண்டில் சுற்றி மிருக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தார்.

"வயிறு பூரா மணல். சாப்பாட்டோட சேர்த்து நக்கியிருக்கு. நைசான மணல், உள்ள போய் கட்டிதட்டிப் போச்சு. யார் போட்டது?"

"நான்தாங்க" என்றார் இவர். தலை நிமிரவில்லை.

மருந்து கொடுத்தார்கள். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உட்காரவைத்து வயிற்றை மெல்லத் தடவச் சொன்னார்கள். பிழைக்குமா என்று கேட்டதற்கு, ஒரு வாரம் போகட்டும் என்றார்கள். அதுவரை பேப்பரே போதுமாம்.

"பாப்பாகிட்ட இப்ப சொல்லாதீங்க" என்றேன். அந்த ஞாயிறு பெரியவர் தூங்குகிறார் என்று பொய் சொன்னேன். இவர் போன் பக்கமே வரவில்லை.

சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் எடுத்துவைத்து மண்டியிடுவார். அரை மணி நேரம் அதன் வயிற்றைத் தடவுவார். பிறகு அடுத்த தரைக்கான யோசனை. பளபளப்பான டைல் துண்டில் விட்டுப் பார்த்தார், கால் வழுக்கி நாலு பக்கமும் விரிந்தது. கம்பளம் என்றேன், நூலில் நகம் மாட்டும் என்றார். வினைல் ஷீட், குளிர் காயப் பெட்டிக்குள் எரியும் விளக்குச் சூட்டில் நாறியது. பாத்ரூமுக்குப் போடும் சொரசொரப்பு டைல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார். வயிறு உரசுகிற இடமாம். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கடைசியில் மங்கல் சாம்பல் நிறத்தில் ஒன்று அவர் கன்னத்துக்குப் பிடித்தது.

எட்டாம் நாள் பேசின் தண்ணீரில் கெட்டியாக ஒரு மணல் கட்டி விழுந்தது. முகம் சுளிக்க வேண்டிய விஷயம்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் பெரியவர் ஒரு புழு தின்றார்.

அடுத்த ஞாயிறு காலை டைலை அளவாக அறுத்துப் பெட்டிக்குள் போட்டார். பசை இல்லை, தூக்கிக் கழுவ வேண்டுமே. இடைவெளியும் இல்லை, புழு நுழைந்துவிடும். ஓரங்களைத் தேய்த்து வழவழப்பாக்கி முடிக்க மத்தியானம் ஆனது. பெரியவர் இறங்கி நடந்தார். பின்னங்காலை லேசாகத் தாங்கித் தாங்கி வைத்தார், ஆனால் இழுக்கவில்லை. இவர் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

போன் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் வாங்கிக்கொண்டார்.

"பாப்பா, நான் மணல் போட்டு அதைச் சாகடிக்கப் பாத்தேன். இப்ப தேவலை. கால் பழையபடி வருமான்னு தெரியல. தப்பு என்னுதுதான்."

எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். அடுத்த வாரம் மகள் கூப்பிடமாட்டாள் என்றே நினைத்தேன். அவசரமாகப் போனைப் பெட்டிப் பக்கம் திருப்பினேன்.

"இதோ பாரும்மா, நடக்கறார் பாரு."

"அதை அப்புறம் பாக்கறேன்மா. அப்பாவைக் காட்டு."

திருப்பினேன். அதற்குள் அவர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தார். வாய் திறந்திருந்தது, புருவத்தில் டைல் தூள்.

"எழுப்பட்டுமா?"

"வேண்டாம். அப்படியே பிடி."

கை கடுத்தது. மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அரை மணி நேரமாகியும் அவள் போனை வைக்கவில்லை.