கறுப்புக் கதவில் கைரேகை

பிரெஞ்சுத் தலைநகரில் லா ஷப்பல் பகுதி, 1986. தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரரிடம், காலையில் அருங்காட்சியகத்தில் பார்த்த அலமாரியைப் பற்றி அளந்துகொண்டிருக்கிறேன். ஜப்பானில் கறுப்பு அரக்கு மெருகிட்ட பலகைகளை அறுத்து இரட்டைக் கதவாக்கி, ஓரமெல்லாம் பொன்முலாம் பூசிய வெண்கலக் கொடிகளைப் பதித்து, இருநூறு வருடங்களுக்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் செய்தது. கோயில் வாகனம் போல மின்னியது. காவலாளி திரும்பிய நேரத்தில் கதவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைச் சொல்லிச் சிரிக்கிறேன்.

அவர் சிரிக்கவில்லை.

"நான் அங்கைதான் துடைக்கிற வேலை, அண்ணை. கைரேகை கிடந்தா என்னைத்தான் ஏசுவினம்."

பிசைந்த சோறு என் கையிலேயே நிற்கிறது.

"எந்தக் கதவு?" என்று மெதுவாகக் கேட்கிறார். "நாளைக்குக் காலமை முதல் வேலையா அதைத் துடைச்சு விடுறன்."

"ரெண்டும்" என்கிறேன், இலையைப் பார்த்தபடி.