வண்டல் தண்ணீரும் வளராத இறாலும்

பாக் லியூ கடலோரத்தில் சின் லுவோங் அளவுக்கு இறாலை நேசித்த மனிதர் கிடையாது. பாவம், அந்த நேசத்தைத் தாங்கும் சக்திதான் இறால்களுக்கு இல்லை.

ஐம்பது வயது வரை அவர் நெல் விவசாயி. ஆற்றில் செந்நிற வண்டல் வந்த வருடமெல்லாம் களஞ்சியம் நிறைந்தது. வயலை வெட்டி இறால் குளமாக்கிய பிறகும் வண்டல் மேல் வைத்த அந்த விசுவாசம் மாறவில்லை. வாய்க்கால் தண்ணீரைத் தெளியவிட எல்லோரும் தனியாக ஒரு குளம் வைத்திருப்பார்கள். சின் தன் தெளிகுளத்தை மண் கொட்டி மூடி, அதன்மேல் கரோக்கே பாடக் கொட்டகை போட்டார். கலங்கிய தண்ணீரை நேராக இறாலுக்கே இறைத்தார்.

"சத்தைப் போய் யாராவது வடிகட்டுவானா?" என்பார்.

குஞ்சு விட்டு அறுபதாம் நாள் வந்தது. பக்கத்துக் குளத்து இறால் நடுவிரல் நீளம்; இவருடையது சுண்டுவிரலைக்கூட எட்டவில்லை. குளத்துக்குள் இறக்கி வைத்த தீவனத் தட்டைத் தூக்கினால் போட்டது போட்டபடி கிடந்தது. இந்த முறையும் தோற்றால் குளத்தை மைத்துனனிடம் விட்டுவிட்டு நகரத்துச் செருப்புத் தொழிற்சாலைக்குப் போவதாக மனைவி துயெத்திடம் சத்தியம் செய்திருந்தார்.

அன்று மாலை குளத்தைப் பார்த்தபடி, கண்ணீர் வழிய, மைக்கில் ஒரு பிரிவுப் பாட்டைப் பாடினார். கல்லும் கரைந்திருக்கும். தண்ணீரில் ஏற்கெனவே கரைந்திருந்த மண்ணே போதுமானதாக இருந்தது.

சத்தம் தாங்காமல் பக்கத்துக் குளத்து முவோய் வந்தான். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டித் தண்ணீரில் இறக்கினான். நாலு விரற்கடைக்குள் மறைந்துவிட்டது.

"சின் அண்ணே, என் குளத்துல ஒரு முழங்கை ஆழம் வரைக்கும் தெரியும். இது என்ன குளமா, காப்பியா?"

"வண்டல்டா! எங்கப்பா இதுலதான் நெல்லு வெளைய வச்சாரு."

"நெல்லுக்குச் செவுள் இருக்கா? களிமண்ணு செவுளை அடைக்குது. வெயில் உள்ள எறங்கல, பாசி வளரல. மூச்சு முட்டுறது எங்கேருந்து திங்கும்?"

"எனக்கும் கல்யாணமான நாள்லேருந்து அப்படித்தான் இருக்கு" என்றாள் பின்னாலேயே வந்த துயெத். "கொட்டகையைப் பிரிங்க."

"அதுல என் உயிரே இருக்குடி!"

"குளத்துல ரெண்டு லட்சம் உயிர் இருக்கு."

விடிந்ததும் கொட்டகையை அழுதுகொண்டே பிரித்தார், தெளிகுளத்தை வியர்த்துக்கொண்டே தோண்டினார். இறால் குளத்தின் கலங்கல் தண்ணீரை வெளியேற்றி, தெளிந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். பத்தாம் நாள் தீவனத் தட்டைத் தூக்கியபோது அது துடைத்துவிட்டது போல் காலியாக இருந்தது.

சின் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு விம்மினார்.

"செருப்பு வேலைக்கு அனுப்பாம இன்னும் ஒரு மாசம் பாக்குறேன்" என்றாள் துயெத். "மொதல்ல அந்தத் தட்டைக் கீழ வச்சிட்டுத் தீவனம் போடுங்க. அதுங்களுக்குப் பசிக்குது."