பிள்ளைப்பாக்கம் லட்சுமியின் கோப்புகள்

காலையில் சோதனை மெஷினை ஆன் செய்ததும் திரையில் ஒரு சின்னக் கட்டம் வரும். "கேட்டாச்சா?" என்று ஒரே ஒரு சொல். கீழே "ஆச்சு" என்று ஒரு பொத்தான். அதை அழுத்தினால்தான் வேலை தொடங்கும். புதிதாகச் சேரும் இன்ஜினியர்கள் ஒருவர் விடாமல், "இது எதுக்கு மேடம், எடுத்துடலாமா?" என்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அதை வைத்தவர் சிஸ்டம் சார். ஒரகடத்தில் உள்ள எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலையில் பிரிண்டரில் சிக்கிய தாளிலிருந்து சர்வர் வரைக்கும் அவர் தலையில்தான் விழும். டீயை வாங்கி வைத்துவிட்டு ஆறவிடுவார். ஆறிய பிறகு டீயைத் திட்டிக்கொண்டே குடிப்பார். தரப் பிரிவில் அவருக்குப் பக்கத்து மேசை எனக்கு.

எங்கள் லைனில் லட்சுமிகள் அதிகம். அதனால் ஊரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவோம்: மண்ணூர் லட்சுமி, பிள்ளைப்பாக்கம் லட்சுமி. மெஷினிலும் தமிழில் அப்படியேதான் பதிந்திருந்தது. ஒவ்வொரு பாகத்தையும் சோதித்ததும் மெஷின் ஒரு கோப்பை எழுதும். பாகம், தேதி, ஷிஃப்ட், சோதித்தவர் எல்லாம் அந்தக் கோப்பின் பெயரிலேயே இருக்கும். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பாதுகாப்பு என்று சொல்லி, கோப்புகளைப் பூட்டிவைக்கும் புதிய சேமிப்பிடத்துக்கு எல்லாவற்றையும் மாற்றினார்கள். அந்த வாரத்திலிருந்து பிள்ளைப்பாக்கம் லட்சுமியின் கோப்பு ஒன்றுகூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்த மண்ணூர் லட்சுமியுடையது எல்லாம் இருந்தது. சோதிக்காமலே பாகங்களைத் தள்ளிவிட்டாள் என்று மேனேஜர் முடிவுகட்டினார். காண்ட்ராக்டில் இருந்தவள், நிரந்தரமாவதற்குக் காத்திருந்தவள். அவளிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸின் படியில் ஏறியபோது டிரைவர்தான், "உன் பேரு எடுத்துட்டாங்கம்மா" என்று சொல்லியிருக்கிறார். பஸ் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்த மண்ணூர் லட்சுமி அழுதுகொண்டே வந்து எங்களிடம் சொன்னாள்.

சிஸ்டம் சார் அன்று டீ வாங்கவே இல்லை. மதியத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார். ஒரு கோப்பின் பெயர் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்பது இடத்துக்கு இடம் மாறுமாம். பழைய டிஸ்க் தாங்கிய நீளத்தைப் புதிய சேமிப்பிடம் தாங்கவில்லை. தமிழ் எழுத்து கம்ப்யூட்டருக்குள் ஆங்கிலத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அதிலும் பிள்ளைப்பாக்கம் மண்ணூரைவிட நீளமான பெயர். எழுதுவதற்கு முன்னால் "இங்கே எவ்வளவு நீளம் செல்லும்?" என்று அந்த இடத்தையே கேட்க ஒரு கட்டளை இருக்கிறது. மென்பொருள் எழுதிக் கொடுத்த வெளியாட்கள் அதைக் கேட்காமல் ஓர் எண்ணைத் தாங்களாகவே வைத்துவிட்டார்கள். கோப்பு எழுதப்படாவிட்டாலும் சோதனை முடிந்தது என்று பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. "ஒரு வரிம்மா. கேக்கறதுக்கு ஒரே ஒரு வரி" என்று சார் திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

மேனேஜர் சங்கடத்தோடு, "சரி, திரும்பக் கூப்பிடுங்க" என்றார். மறுநாள் நானும் சாரும் பிள்ளைப்பாக்கம் போனோம். அவள் வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். நீளம், சேமிப்பிடம் என்று சார் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். அவளும் பொறுமையாகக் கேட்டாள்.

"பச்ச லைட்டப் பாத்துக்கினுதான் சார் ஒவ்வொரு பீஸும் எடுத்து வெச்சேன். கம்ப்யூட்டர்கிட்ட இன்னா ஆச்சுன்னு உக்காந்து கேட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? ஊரே பாக்க பஸ்ஸ வுட்டு எறங்கினேன் சார். இனிமே அந்த பஸ்ல ஏற மாட்டேன்."

சார் திரும்பும் வழி முழுக்க ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தார். மென்பொருளில் அந்த ஒரு வரியைச் சேர்த்தார். இனி அது தானாகவே கேட்டுக்கொள்ளும். அதற்குமேல் காலையில் வரும் இந்தக் கட்டத்தையும் வைத்தார். மெஷினுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. கொஞ்ச காலத்தில் அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது, என்னை இங்கே தனியாக விட்டுவிட்டுப் போனதற்கு.

இன்று காலை புதிய மேனேஜர் ஒரு தாளை என் மேசையில் வைத்தார். ஒரு பெண்ணின் கணக்கில் பாகங்கள் குறைகின்றனவாம். நாளையிலிருந்து பஸ்ஸில் ஏற்ற வேண்டாம், கையெழுத்துப் போடுங்கள் என்றார். எனக்கு முழங்கால் வலி. எழுந்து நடக்கவே மனசில்லை. எதிரே மெஷின் அப்போதுதான் ஆன் ஆகியிருந்தது. "கேட்டாச்சா?" என்றது திரை. நான் பொத்தானை அழுத்தவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, அந்தப் பெண் நிற்கும் லைனைத் தேடிப் போனேன்.