பிரேக் மாஸ்டரும் இரண்டு தூண்டில் ரீல்களும்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் அவருக்கு பிரேக் மாஸ்டர் என்று பெயர் வைத்தது அவரிடம் படித்தவர்கள்தான். பயிற்சிக் காரில் மாஸ்டர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. மாணவர் தப்பு செய்தால் அழுத்துவார். சரியாக ஓட்டினாலும் அழுத்துவார். காலுக்கும் பழக்கம் விட்டுப்போகக் கூடாதல்லவா!

அவர் மனைவிக்கு லைசென்ஸ் வந்து வருஷக்கணக்காகிறது. அவள் வீட்டுக் காரைத் தனியாக ஓட்டியது ஷெட்டிலிருந்து கேட் வரைக்கும்தான். இப்போது ஊருக்கு வெளியே ஒரு மருந்துக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வருகிறேனா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

அவள் காரைக் கேட்கப் போன நேரம், மாஸ்டர் சாப்பாட்டு மேஜையில் இரண்டு தூண்டில் ரீல்களைப் பிரித்துப் பரப்பியிருந்தார்.

"என்னங்க, காரு விஷயம் என்னாச்சு?"

"இரு, இதைப் பாரு. இது என்னோடது, காந்த பிரேக். நூல் சுத்தின உருளைய காந்தம் தொடவே தொடாது, ஆனா இஷ்டத்துக்கு ஓடவும் விடாது. வெளியில இந்தக் குமிழைத் திருப்பினா போதும். அது உன் தம்பியோடது. உருளை சுத்துற வேகத்துல குட்டிக் கட்டைங்க வெளிய தள்ளி வளையத்துல உரசும். வேகம் குறைஞ்சா பிடியும் விட்டுப்போயிடும். கூட்டிக் குறைக்கணும்னா மூடியையே கழட்டணும். இதை நம்பி எப்படி விடறது?"

"நான் என்னைப் பத்திக் கேட்டேன்."

"உனக்கு இன்னும் கொஞ்சம் கை பழகட்டும்மா."

அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர், மனைவி, அவள் தம்பி மூவரும் மீன் பிடிக்க ஏரிக்குப் போனார்கள். காரை ஓட்டியது மாஸ்டர்தான், சொல்லவே வேண்டாம். மச்சினனுக்கு ஓட்டத் தெரியாது. பாவம், மாமாவிடமே கற்றுக்கொண்டான்.

கரையில் ரீல்களுக்குப் பரீட்சை ஆரம்பமானது. எறிந்த இரை காற்றில் தளரும்போது உருளை மட்டும் தறிகெட்டுச் சுற்றினால் நூல் சிக்காகிவிடும். பிரேக் இருப்பது அதற்காகத்தான். மிச்சத்தை எறிகிறவரின் கட்டைவிரல் பார்த்துக்கொள்ள வேண்டும். மச்சினன் இரண்டே கட்டைகளைப் போட்டு, விரலை உருளைமேல் பட்டும் படாமலும் வைத்து வீசினான். இரை எதிர்க்கரை நாணல் வரை போனது. மாஸ்டர் குமிழைக் கடைசி எண்ணுக்குத் திருகி, பிரேக்கை முழுக்க இறுக்கி, மூச்சை இழுத்துப் பிடித்து வீசினார். இரை அவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

"பார்த்தியா, ஒரு சிக்கு விழுந்துச்சா?" என்றார் பெருமையாக.

"தண்ணியிலயே விழலையே மாமா!"

மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாஸ்டருக்குச் சுருக்கென்றது. "உன் ரீலோட லட்சணத்தைக் காட்டறேன்" என்று அதை வாங்கி, பிரேக்கே பிடிக்காதபடி கட்டைகளை எல்லாம் மடக்கிவிட்டு, விரலும் வைக்காமல் ஓங்கி வீசினார். நூல் பந்தாகப் பொங்கிக்கொண்டு நின்றது. இரை பக்கத்தில் ஏதோ வேரில் போய் மாட்டிக்கொண்டது. "நான் சொல்லல?" என்று குதூகலமாக நூலைப் பிடித்து ஒரே வெட்டாக இழுத்தார். சொன்ன பேச்சைக் கேட்டு இரை பறந்து வந்து, தூண்டில் முள்ளை அவர் கட்டைவிரலில் ஏற்றியது.

அவரால் ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை. மனைவி அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தாள்.

வழியெல்லாம் மாஸ்டர் "மெதுவா, மெதுவா" என்று ஓதிக்கொண்டே, பிரேக் இல்லாத இடத்தில் காலால் மிதித்துக்கொண்டு வந்தார். ரவுண்டானாவில் லாரி ஒன்று குறுக்கே வந்தது. அவள் அலட்டிக்கொள்ளாமல் ஒதுக்கி, வழிவிட்டு, மறுபடி வேகம் பிடித்தாள். அதற்கப்புறம் மாஸ்டர் காலை மடக்கி வைத்துக்கொண்டார். அவருக்கு நிஜமாகவே பயம் பிடித்துவிட்டது. அவள் மோசமாக ஓட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பார். நன்றாக அல்லவா ஓட்டுகிறாள்! இனி என்ன காரணம் சொல்வது?

ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்துக் கட்டுப் போட்ட நர்ஸ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். "அந்தச் சந்துல ரிவர்ஸ்லயே வந்து இவ்ளோ அழகா நிறுத்தியிருக்கீங்களே, யாரு ஓட்டினது?"

"என் வீட்டுக்காரி. எல்லாம் நான் கொடுத்த ட்ரெயினிங்தான்" என்றார் மாஸ்டர், வலியிலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். மனைவி நர்ஸைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஆமா சிஸ்டர், நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்கார். அவரே சொல்லிட்டார், கேட்டுக்கிட்டீங்கல்ல? இனிமே கை பழகலைன்னு சொல்ல மாட்டார்" என்றவள், மாஸ்டர் பார்க்கப் பார்க்கவே போனை எடுத்து, வேலைக்கு வருவதாகக் கம்பெனிக்குச் செய்தி அனுப்பினாள்.