துடைப்பத்துக்கு வராத தாமரை

எங்கள் வீட்டு வாசலில் ஒரு மார்கழியில் ஒரு தாமரை வந்து நின்றது. எட்டு இதழ் இருக்க வேண்டியது, ஏழுதான் இருந்தது. அந்த ஏழில் ஒன்று மற்றவற்றைவிடப் பருத்து, பக்கத்து இதழின் மேல் சாய்ந்து கிடந்தது. நடுவில் பரங்கிப்பூ வைக்கும் வட்டமும் வட்டமாக இல்லை. அந்தத் தெருவில் அதைவிடக் கோணலான கோலம் அந்த மாதத்தில் வேறெதுவும் இல்லை. அதைவிட உறுதியான கோலமும் இல்லை. மற்ற வீட்டுக் கோலங்கள் எல்லாம் மறுநாள் விடிந்ததும் துடைப்பத்தோடு போய்விடும். எங்கள் தாமரை போகவில்லை. அதைப் போட்டவர் அப்பா.

அந்த வருடம்தான் அம்மாவுக்கு மங்கலம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. படிப்பை முடித்து, கல்யாணமாகி, என்னையும் தம்பியையும் பெற்று, படித்ததெல்லாம் கையை விட்டுப் போய்விடுமோ என்று பயந்துகொண்டிருந்த நேரத்தில் வந்த வேலை. காலை ஷிப்டு. இருட்டோடு கிளம்பி விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அப்பா ஊரிலேயே ஒரு பீங்கான் கம்பெனியில் அச்சுப் பிரிவில் இருந்தார். பொம்மையும் கோப்பையும் வார்ப்பதற்கான அச்சுகளை பிளாஸ்டர் மாவைக் குழைத்துச் செய்கிற வேலை. அவர் மதியத்துக்கு மேல் போனால் போதும். எனவே காலை அப்பாவுடையது, மாலை அம்மாவுடையது. இடையில் கொஞ்ச நேரம் மட்டும் தம்பி பெரிய அத்தை வீட்டில் இருப்பான். பெரிய அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "யாருக்கு சளி?" என்று குரல் வரும்.

மார்கழிப் பனி அழகு என்று எழுதுகிறவர்கள் வீட்டில் சின்னக் குழந்தைகள் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள். எதையும் வரிசைப்படுத்தாமல் எனக்கு யோசிக்க வராது. அந்தக் காலைகளும் அப்படித்தான் நினைவில் இருக்கின்றன. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்திருக்கும், அதை வெந்நீர்ப் பானைக்குள் நிறுத்த வேண்டும். அது இளகும்வரை என் தலை பரட்டையாகவே இருக்கும். தம்பிக்குக் குல்லா போட வேண்டும், அவன் கழற்றி எறிவான், மறுபடி போட வேண்டும். கற்பூரவள்ளி இலையை வாட்டிச் சாறு பிழிய வேண்டும், அவன் அதை அப்பாவின் சட்டையில் துப்புவான். மூக்கைத் துடைத்துத் திரும்புவதற்குள் மறுபடி ஒழுகும். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. இதற்கு மட்டும் அப்பா ஒரு வழி வைத்திருந்தார். ஈரத் துணியை ஒரு பையில் திணித்துக் கம்பெனிக்கு எடுத்துப் போவார். சூளைப் பக்கத்துச் சூட்டில் விரித்துக் காய வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவார். என் யூனிபார்மில் எப்போதும் சுட்ட மண்ணின் வாசனை இருக்கும். பக்கத்து பெஞ்சுப் பெண் ஒருநாள் முகர்ந்து பார்த்துவிட்டு, "உங்க வூட்ல என்னா சோப்பு போடறாங்க?" என்று கேட்டாள்.

இதையெல்லாம் அப்பா செய்வதில் யாருக்கும் பெரிய ஆட்சேபம் இருந்ததில்லை. கதவுக்குள்ளே நடப்பதுதானே. மார்கழி பிறந்ததும் விஷயம் வாசலுக்கு வந்தது. முதல் சில நாள் அம்மாவே கோலம் போட்டுவிட்டு ஓடினாள். ஒருநாள் கோலத்தை முடிக்கப் போய் பஸ்ஸைத் தவற விட்டாள். வேலைக்குத் தாமதமாகப் போய்ப் பேச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். அன்று இரவு அப்பா வேலை முடிந்து வந்து கேட்டது இவ்வளவுதான்: "மாவு டப்பா எங்க இருக்குது?"

மறுநாள் விடியலில் அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, குனிந்து புள்ளி வைத்தார். தெருவே அந்த நேரத்தில் வாசலில் இருக்கும். எதிர்வீட்டு அக்கா கையில் மாவோடு நிமிர்ந்து பார்த்து, "என்னாண்ணா, அச்சு கொண்டாந்து அழுத்திட்டுப் போறது தானே? எதுக்கு இடுப்ப ஒடிச்சிக்கறீங்க?" என்றாள். "அதுக்கும் ஆர்டர் குடுத்திருக்குதும்மா" என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தார்கள். பெரிய அத்தை சிரிக்கவில்லை.

அவர்களுடைய கோபத்துக்குக் காரணம் இருந்தது. தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டி இழுத்தது. அம்மா வேலைக்குப் போவதால்தான் இழுக்கிறது என்பது அத்தையின் முடிவு. அதற்கு முந்தைய மார்கழியில் அம்மா முழுநேரமும் வீட்டில்தான் இருந்தாள், அப்போதும் அவனுக்கு இழுத்தது. அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. இன்று என் பரிசோதனைக் கூடத்தில் இப்படி ஒரு முடிவை எழுதிக் கொடுத்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆனால் அன்று அத்தை எங்கள் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்பாகவே சொன்னார்கள்: "தை பொறக்கட்டும். நீ வேலைய வுட்டுடணும். இல்லன்னா உம்புள்ளைய என்னால பாத்துக்க முடியாது, சொல்லிட்டேன்." அம்மா தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டே, "சரிங்க அண்ணி" என்றாள். அப்பா மேல் இன்னொரு பாரம் ஏற்றக் கூடாது என்றுதான் அம்மா ஒத்துக்கொண்டாள். பின்னாளில் அவளே சொன்னது இது. அம்மா தானே விரும்பித்தான் வேலையை விடுகிறாளோ என்று அப்பா வாயை மூடிக்கொண்டார். ஒருவருக்கொருவர் நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து ஒரு வேலையைத் தொலைக்க இருந்தார்கள்.

அதற்குச் சில நாட்கள் கழித்துத்தான் அந்தத் தாமரை. எங்கள் வீட்டில் எல்லாச் சாமானும் தம்பியின் பால் பவுடர் டப்பாக்களில்தான் இருக்கும். உப்பு ஒன்றில், பருப்பு ஒன்றில், கோலமாவு ஒன்றில். சுவரில் விரிசல் அடைப்பதற்கு அப்பா வாங்கி வைத்திருந்த பிளாஸ்டர் மாவும் அதே மாதிரி டப்பாவில் இருந்தது. முந்தைய இரவு தம்பி தூங்கவில்லை, அதனால் அப்பாவும் தூங்கவில்லை. விடியலில் வாசலுக்குத் தண்ணீர் தெளித்து, இருட்டில் கைக்கு வந்த டப்பாவை எடுத்துப் போனார். மாவு இழையாக இறங்கவில்லை. பட்டை பட்டையாக, திட்டுத் திட்டாக விழுந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொண்டார். நாள் முழுக்க பிளாஸ்டரைத் தண்ணீரில் குழைக்கிற மனிதர், ஈரத் தரையில் பிளாஸ்டரைத் தூவித் தாமரை வரைந்துவிட்டு, அதைக் கவனிக்காமல் எனக்குத் தலைவார வந்துவிட்டார். ஊரில் எத்தனையோ பேர் தப்பான மாவில் கோலம் போட்டிருக்கலாம். அச்சுப் பிரிவுக்காரர் போட்டது இது ஒன்றாகத்தான் இருக்கும். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அது இறுகிவிட்டிருந்தது. நான் மிதித்துக்கூடப் பார்த்தேன், அழியவில்லை.

மறுநாள் காலை துடைப்பம் அதன் மேல் போய் வந்தது. தாமரை அப்படியே இருந்தது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். தாமரை கழுவின தட்டு மாதிரி பளிச்சென்று ஆனது. எதிர்வீட்டு அக்கா விஷயத்தைப் புரிந்துகொண்டு சத்தமாகச் சிரித்து, "யண்ணா, கம்பெனிச் சரக்கா? எத்தினி வருசம் கேரண்டி?" என்று கேட்டாள். சிரிப்புச் சத்தத்துக்குப் பெரிய அத்தை வெளியே வந்தார்கள். நேற்றுப் போட்ட கோலம் இன்று வாசலில் இருக்கக் கூடாது என்பது எங்கள் தெருவில் எழுதப்படாத சட்டம். அதுவும் மார்கழியில்.

"இன்னாடா இது? சொரண்டி எடுடா மொதல்ல" என்றார்கள்.

அப்பா உள்ளே போய்ச் சுரண்டியை எடுத்து வந்தார். அச்சின் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் பிளாஸ்டரைச் சீவுகிற தகடு. அவர் கைக்கு அது ஐந்து நிமிட வேலை. குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, முதல் இதழில் தகட்டை வைத்துவிட்டார். நான் தம்பியைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தேன். அத்தை அதோடு நிறுத்தியிருந்தால் அந்தத் தாமரை அன்றைக்கே போயிருக்கும்.

"இதுக்குத்தான் தலப்பாடா அடிச்சிக்கறேன். பொம்பள வூட்ல இருந்தா வாசல் வாசலா இருக்கும். ஆம்பள போட்ட கோலம் இந்த லட்சணத்துலதான் நிக்கும்."

எட்டாவது இதழ் அப்போதுதான் போனது என்று நான் எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவல்ல, அது முதலிலிருந்தே ஏழுதான். அப்பா தகட்டை எடுத்துத் துடைத்து இடுப்பில் சொருகிக்கொண்டார். எழுந்து நின்றார். அவர் குரல் ஏறவில்லை.

"நிக்கட்டும்க்கா."

"என்னாடா நிக்கட்டும்?"

"கோலம் நிக்கட்டும். அவ வேலையும் அது மாதிரியே நிக்கட்டும். ரெண்டையும் நான் சொரண்ட மாட்டேன்."

தெருவில் யாரும் சிரிக்கவில்லை. அத்தை முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனார்கள். அப்பா சரியான டப்பாவைத் தேடி எடுத்து வந்து, தாமரையைச் சுற்றி அன்றைய கோலத்தைப் போட்டார். மறுநாள் சுற்றிலும் பெருக்கிவிட்டு வேறு கோலம், நடுவில் அதே தாமரை. அதற்கு மறுநாளும் அப்படியே. எதிர்வீட்டு அக்கா கிண்டலை விட்டுவிட்டு யோசனை சொல்ல ஆரம்பித்தாள். "அந்தக் குண்டு எதழு பக்கம் ஒரு மயில வைங்கண்ணா, தெரியாது." அப்பா வைத்த மயில் கோழி மாதிரி இருந்தது. அதையும் அழித்துத் திருத்தவில்லை. நானும் தம்பியும் தினமும் பரங்கிப்பூவை வட்டமாக இல்லாத அந்த வட்டத்தில் வைப்போம். குல்லாவைக் கழற்றாமல் இருந்தால்தான் பூ வைக்கலாம் என்று நான் ஒரு விதி போட்டேன். அப்பாவால் முடியாததை அந்த விதி செய்தது, தம்பி குல்லாவோடு இருந்தான். அவனுக்கு இழுப்பு உடனே நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். குளிர் போன பிறகுதான் நின்றது, அதற்கு முந்தைய வருடத்தைப் போலவே.

அப்பா சுரண்ட மறுத்த அன்று சாயங்காலமே எதிர்வீட்டு அக்கா நடந்ததையெல்லாம் அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அம்மா வீட்டுக்குள் வராமல் பையைத் தோளில் மாட்டியபடி வாசலிலேயே நின்றிருந்தாள். குனிந்து அந்தப் பருத்த இதழை நகத்தால் கீறிப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பொங்கலன்று பெரிய அத்தை எங்கள் அடுப்படியில் வந்து நின்று, "என்னாம்மா, வேலைய வுடறேன்னு சொல்லிட்டியா அங்க?" என்று கேட்டார்கள். அம்மா பொங்கலைக் கிளறிக்கொண்டே, "இல்லீங்க அண்ணி. சொல்லப் போறதில்ல. அவரு வாசல்ல நிக்கறாரு, நான் பஸ்ஸுல நிக்கறேன். ரெண்டு பேருக்கும் கால் வலிக்கல" என்றாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள மாட்டேன் என்ற அத்தை, பொங்கல் விடுமுறை முடிந்த அன்று மதியம் தம்பியை வாங்கிக்கொள்ள வழக்கம்போல வந்தார்கள். திட்டிக்கொண்டேதான் வந்தார்கள். அம்மா அந்த வேலையில் வருடக்கணக்காக இருந்தாள். நான் பீங்கான் தொழில்நுட்பம் படித்தது அந்தச் சம்பளத்தில்தான்.

பிளாஸ்டர் மழைக்கு நிற்காது. படித்த பிறகு எனக்கு அதற்குக் காரணமும் தெரியும். அடுத்த ஐப்பசி மழையில் தாமரை கரைந்து, விளிம்பு தேய்ந்து, ஒருநாள் வெறும் தரை ஆகிவிட்டது. அப்பா அதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அவருக்கு வேண்டிய மாதத்தில் அது நின்றது.

இப்போது எனக்கு ஒரு மகளும் மகனும். மகனுக்குத் தம்பியைப் போலவே குளிரில் இழுக்கிறது. நான் ஊரிலேயே ஒரு பீங்கான் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் காலை ஷிப்டில் இருக்கிறேன். என் கணவர் ரயில்வேயில் இரவுப் பணி முடித்து வந்து எண்ணெய் பாட்டிலை வெந்நீரில் நிறுத்துகிறார். மகளுக்கு அவர் பின்னும் சடை ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருக்கும். அவள் அப்படியே பள்ளிக்குப் போகிறாள், பாடத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் இந்த மார்கழியிலும் அதே வாக்கியம் என்னைத் தேடி வந்தது. அடுத்த தெருவிலிருந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்த பெரிய அத்தைதான் கொண்டுவந்தார்கள். "கொழந்தைக்கு இழுக்குது. இந்தக் குளிர்ல உனக்கு வேல என்னாத்துக்குடி? தை பொறந்தா வுட்டுடு." நான் 'சரி' என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை ஒருமுறை செலவு பண்ணியாகிவிட்டது.

அன்றைக்கே கடையில் பிளாஸ்டர் மாவு வாங்கினேன். மறுநாள் விடியலில், அன்று இரவுப் பணி இல்லாத என் கணவர் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு செல்போன் வெளிச்சம் காட்ட, தரையை அளவாக நனைத்து, மாவைச் சலித்துத் தூவி, தெரிந்தே போட்டேன். தாமரை. ஏழு இதழ். ஏழாவதைப் பருமனாக்கி, பக்கத்து இதழின் மேல் சாய்த்தேன். மகள் நடுவில் பூவை வைத்தாள்.

ஷிப்டுக்குக் கிளம்பி வண்டியை வெளியே எடுக்கும்போது, கோயிலுக்குப் போகிற வழியில் அத்தை வாசலில் நின்றிருந்தார்கள். செருப்பு நுனியால் ஒரு கோட்டைத் தேய்த்துப் பார்த்தார்கள். அழியவில்லை. என்னைப் பார்த்தார்கள், கோலத்தைப் பார்த்தார்கள், உள்ளே மகளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்த என் கணவரையும் எட்டிப் பார்த்தார்கள்.

"இது தொடப்பத்துக்கு வராதுடி."

"தெரியும் அத்தை."

அத்தை இதழ்களை விரலால் எண்ணினார்கள். உதட்டைப் பிதுக்கினார்கள். "உங்கப்பன் போட்டதே தேவலாம்" என்று சொல்லிவிட்டு, தாமரையை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போய், என் கணவரிடமிருந்து மகனை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்கள். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.